தங்கத்துக்கு மவுசு, மாவுக்குக் காசு

தங்கம் தேடிப் போவதைப் பற்றி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆனால் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியும் தங்கம் கண்ணிலேயே படாது. கடையில் நிற்க வேண்டும். மாவு எவ்வளவு, கம்பளி எத்தனை, ரம்பம் வேண்டுமா வேண்டாமா என்று கணக்குப் போட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அங்கேயே மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். மூடாதவர்களுக்குத்தான் விஷயம் புரியும். தங்க வேட்டையில் முக்கால்வாசிக் கதை அந்தக் கடையிலேயே முடிந்துவிடுகிறது!

விளையாட்டின் பெயர் 'யூகான் டிரெயில்'. 1994ல் அமெரிக்காவில் மின்னசோட்டாவைச் சேர்ந்த மெக் (எம்.ஈ.சி.சி.) என்ற நிறுவனம் வெளியிட்டது. 1973ல் அந்த மாநிலத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்து தருவதற்காகத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. அவர்களுடைய மிகப் பிரபலமான விளையாட்டு 'ஓரிகன் டிரெயில்'. 1971ல் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக எழுதியது. அப்போது திரை கூடக் கிடையாது. டைப்ரைட்டர் மாதிரி ஒரு இயந்திரத்தில் கேள்வி காகிதத்தில் அச்சாகி வரும், பிள்ளைகள் பதிலைத் தட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் வந்த தம்பிதான் யூகான் டிரெயில்.

கதை இதுதான். கனடாவின் வடமேற்கு மூலையில் யூகான் என்று ஒரு பெரிய ஆறு. அதில் வந்து சேரும் கிளை ஆறு க்ளோண்டைக். 1896 ஆகஸ்ட்டில் க்ளோண்டைக்கின் ஒரு ஓடையில் தங்கம் கிடைத்தது. செய்தி வெளியுலகத்துக்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு வருஷம் ஆனது. 1897 ஜூலையில் தங்கம் ஏற்றிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் வந்து நின்றதும் ஊரே பைத்தியம் பிடித்த மாதிரி கிளம்பியது. குமாஸ்தா, வாத்தியார், போலீஸ்காரர், ட்ராம் ஓட்டுபவர் என்று ஆளாளுக்கு வேலையை விட்டுவிட்டு மூட்டையைக் கட்டினார்கள். விளையாடுகிற நீங்களும் அதில் ஒருவர். சியாட்டிலில் சாமான் வாங்கி, ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு, கப்பலில் அலாஸ்கா போய், பனி மலையைத் தாண்டி, ஏரிக்கரையில் படகு கட்டி, யூகான் ஆற்றின் பாறைகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு டாசன் என்ற ஊர் போய்ச் சேர வேண்டும். அதற்கப்புறம்தான் தங்கம்.

வழியில் நிஜமான மனிதர்களும் வருவார்கள். பின்னாளில் பெரிய எழுத்தாளரான ஜாக் லண்டன் வருவார். 1897ல் உண்மையிலேயே அங்கே போனவர் அவர். மறுவருஷம் பல் ஈறெல்லாம் வீங்கி, ஸ்கர்வி நோயோடு, ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்பினார். (ஆனால் அங்கிருந்து கொண்டு வந்த கதைகளை விற்றே பணக்காரர் ஆகிவிட்டார், அது தனிக் கதை.) ஸ்கேக்வே துறைமுகத்தில் சோப்பி ஸ்மித் என்ற பிரபல மோசடிப் பேர்வழி வருவார். மூன்று மூடியில் எதற்கு அடியில் பட்டாணி இருக்கிறது என்று பந்தயம் கட்டச் சொல்லும் ஆட்டம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு ஸ்கேக்வே ஒன்றும் அந்நியமாக இருக்காது.

சரி, கடைக்கு வருவோம்.

அந்த நாளில் தங்கம் தேடுகிறவர்கள் சும்மா கிளம்பிப் போய்விட முடியாது. எல்லையில் கனடா போலீஸ் நிற்கும். ஒரு வருஷத்துக்கான சாப்பாடு கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். காரணம் எளிது. டாசன் கடைகளில் இருக்கும் சாப்பாடு அத்தனை பேருக்குக் காணாது, குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும், கப்பல் வராது, ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினி கிடந்து செத்துப் போவார்கள். சாப்பாடு, கருவிகள், கூடாரம் எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு ஏறத்தாழ ஒரு டன். அந்தக் காலத்துச் சாமான் பட்டியல்களில் மாவு மட்டும் 400 பவுண்டு, அதாவது 180 கிலோ.

இந்த ஒரு டன்னை யார் தூக்குவது? அங்கேதான் விளையாட்டு நம்மைப் போட்டு வாங்கும். மலை ஏற இரண்டு வழிகள். ஒன்று வொயிட் பாஸ். குதிரையோடு போகலாம் என்பார்கள். அந்தப் பாதையில் செத்துப்போன குதிரைகள் சுமார் 3,000. பாதைக்கே செத்த குதிரைப் பாதை என்று பெயர் வந்துவிட்டது. இன்னொன்று சில்கூட் கணவாய். 53 கிலோமீட்டர். கடைசி ஏற்றத்தில் பனிக்கட்டியிலேயே சுமார் 1,500 படி வெட்டியிருந்தார்கள். பழநி மலைப் படிகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதுவும் பனியில், முதுகில் மூட்டையோடு.

ஒரு தடவைக்கு 25 கிலோ தூக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன்னுக்கு 40 நடை. மூட்டையை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவது 39 நடை. மொத்தம் 79. ஒவ்வொன்றும் 53 கிலோமீட்டர். கூலிக்கு ஆள் வைக்க வசதி இல்லாதவர் நடக்க வேண்டியது 4,000 கிலோமீட்டருக்கும் மேல்! கன்னியாகுமரியில் கிளம்பினால் காஷ்மீர் போய்ச் சேர்ந்து அதற்கு மேலும் நடக்கலாம். இத்தனையும் 53 கிலோமீட்டர் தூரத்தைக் கடப்பதற்கு.

கணக்கு வாத்தியார் கரும்பலகையில் இதைப் போட்டால் எவனும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். மவுஸைக் கையில் கொடுத்து, மாவைக் குறைத்தால் பட்டினி, மாவைக் கூட்டினால் நடை அதிகம், தாமதமானால் ஆறு உறைந்துவிடும் என்று மாட்டிவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை தானே உட்கார்ந்து கணக்குப் போடும். இந்த வகை விளையாட்டுகளின் ரகசியமே அதுதான். எதை எண்ணச் சொல்கிறதோ அதைக் கற்றுக் கொடுக்கும்.

மதுரையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு 2000களில் கம்ப்யூட்டர் வகுப்பு என்றால் வேறு மாதிரி. செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போய், ஒரு மிஷினுக்கு மூன்று பேர் உட்கார்ந்து, பெயிண்ட்டில் வீடும் மலையும் வரைவது. விளையாட்டு என்றால் தெருமுனை ப்ரவுசிங் சென்டர்தான். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாட வேண்டும். அதனால் யூகான் டிரெயில் மாதிரி மெதுவான விளையாட்டை அங்கே யாரும் தொட மாட்டார்கள். அது வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்த பாக்கியம்.

செல்லூர்ப் பக்கம் அப்படி ஒரு வீடு. 2003ஆம் வருஷம். அப்பா ஆபீஸில் கழித்துவிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏலத்தில் எடுத்து வந்திருந்தார். டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய 'நூறு விளையாட்டு' சிடியில் தொண்ணூறு ஓடாது. ஓடியதில் ஒன்று இது. அண்ணன் எட்டாம் வகுப்பு, தங்கச்சி ஐந்தாம் வகுப்பு. மவுஸ் அண்ணன் கையில். அகராதி தங்கச்சி மடியில்.

"அண்ணே, பேக்கன்னா என்னண்ணே?"

"ஏதோ கறியாம். உப்புப் போட்டு வச்சா கெட்டுப்போகாதாம். வாங்கிப் போட்டுருவோம்."

"பீன்ஸ் இருக்குண்ணே."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "எது, பீன்ஸா? மூணு நாள் வச்சாலே வாடிப்போகும். ஒரு வருசத்துக்கு எப்புடிடா வச்சுத் திம்பாய்ங்க?"

அது காய்ந்த மொச்சை மாதிரி ஒரு பயறு என்று அந்த வீட்டுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆனது. ஆனால் மாவுக் கணக்கை அம்மா ஒரே நொடியில் போட்டுவிட்டார். "நூத்தியெம்பது கிலோவா? நாளைக்கு அரைக் கிலோ வருது. சொமந்துக்கிட்டு மலை ஏறுறவனுக்கு அது காணாது. இன்னும் ரெண்டு மூட்டை போடு." மாதக் கடைசியில் அரிசி மூட்டையின் அடியைத் தட்டிப் பார்த்தவருக்கு யூகான் பெரிய விஷயமா என்ன?

அந்த வீட்டில் டாசன் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு தடவை. மற்ற தடவை எல்லாம் படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. போய்ச் சேர்ந்த அன்றைக்கும் மண்ணை அள்ளி அள்ளிக் கழுவிப் பார்த்து, கடைசியில் கிடைத்த தங்கம் செலவழித்த பணத்துக்கே காணவில்லை. அண்ணன் கோபத்தில் ஸ்விட்சை அணைத்துவிட்டான். "ஏமாத்து கேமு" என்பது அவன் தீர்ப்பு.

ஏமாற்று இல்லை. நிஜமும் அதுதான். க்ளோண்டைக் தேடிக் கிளம்பியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000. தங்கம் என்று ஏதோ கண்ணில் பார்த்தவர்கள் 4,000 பேர் அளவில். செய்தி கேட்டுக் கிளம்பியவர்கள் 1898ல் டாசன் போய்ச் சேர்ந்தபோது நல்ல ஓடைகளையெல்லாம் முதலிலேயே அந்தப் பக்கம் இருந்தவர்கள் வளைத்துப் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் யார்தான் சம்பாதித்தார்கள்? கடைக்காரர்கள். சியாட்டில் நகரமே அந்த வியாபாரத்தில் எழுந்தது. பெலிண்டா மல்ரூனி என்ற பெண்மணி தங்கம் தோண்டுவதற்குப் பதிலாக துணியும் வெந்நீர்ப் பையும் கொண்டு போய் டாசனில் பல மடங்கு விலைக்கு விற்று, 1898ல் அங்கே பெரிய ஹோட்டலே கட்டினார். ஜான் நார்ட்ஸ்ட்ராம் என்பவர் க்ளோண்டைக்கில் கிடைத்த 13,000 டாலரோடு திரும்பி 1901ல் சியாட்டிலில் ஒரு செருப்புக்கடையில் பங்காளியானார். அதுதான் இன்றைக்கு அமெரிக்கா முழுக்கக் கிளை வைத்திருக்கும் நார்ட்ஸ்ட்ராம். டொனால்ட் ட்ரம்ப்பின் தாத்தா அந்த வழியில் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். மண்ணைத் தோண்டியவனுக்கு மண், தோண்டுகிறவனுக்குச் சோறு போட்டவனுக்குப் பொன்!

இந்தப் பாடத்தை விளையாட்டு ஒளிக்கவில்லை. முதல் பத்து நிமிஷம் உங்களைக் கடையில் நிறுத்தி வைத்ததே அதற்குத்தான் என்று இப்போது திரும்பிப் போய் விளையாடினால் தெரிகிறது.

திரும்பிப் போவதும் இப்போது சுலபம். 64 பிட் விண்டோஸில் அந்தப் பழைய சிடி ஓடாது. ஆனால் 2016ல் இணைய ஆவணக் காப்பகம் (ஆர்க்கைவ் டாட் ஆர்க்) விண்டோஸ் 3.1 காலத்து மென்பொருள்களை உலாவிக்குள்ளேயே ஓடும்படி செய்ததிலிருந்து, அந்தக் காலத்து விளையாட்டுகளைத் தூசி தட்டி எடுக்க வழி கிடைத்துவிட்டது. செல்லூர்த் தங்கச்சி இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பொங்கல் லீவில் அண்ணன் வந்திருந்தபோது லேப்டாப்பைத் திறந்து காட்டினார். சின்னத் திரை, மங்கிய படங்கள், தகர டப்பாவைத் தட்டுவது போல ஒரு இசை. அண்ணன் சிரித்தார். ஆனால் சாமான் பட்டியல் வந்ததும் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். இந்த முறை மாவு ஏராளம், படகும் கவிழவில்லை. தங்கம் மட்டும் அதே கொஞ்சம்தான்.

"ஏண்ணே, சியாட்டிலு, ஸ்கேக்வே, டாசன்... எல்லாம் மனப்பாடமா தெரியுது நமக்கு. நம்ம பக்கம் இப்புடி யாரும் தங்கம் தேடிப் போகலையா?"

அண்ணன் வேலை பார்ப்பது பெங்களூரில். ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர் தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்து போகிறவர். தங்கவயல் தமிழர். "போகாம என்ன? அந்தாளு தாத்தா, அவரு அப்பா எல்லாரும் சுரங்கத்துல கிடந்தவய்ங்கதான். நமக்குத்தான் தெரியல" என்றார்.

நமக்குத்தான் தெரியவில்லை. விஷயமே அதுதான். யூகான் மலைக் கணவாய்களின் பெயர் மதுரைப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. ஒரு நாள் பஸ் பயணத்தில் இருக்கும் தேவாலா தெரியவில்லை.

தேவாலா, பந்தலூர். நீலகிரி மாவட்டத்தில் கூடலூருக்கு அப்பால், தேயிலையும் மழையுமாக இருக்கும் ஊர்கள். தென்கிழக்கு வயநாடு என்று சொல்லப்பட்ட இந்தப் பகுதி 1877ல்தான் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அங்கே குறும்பர்களும் பணியர்களும் ஆற்று மணலை மரத்தட்டில் அரித்துத் தங்கம் எடுப்பது வெகுகாலமாக நடந்தது. எடுத்தது அவர்கள், அனுபவித்தது நிலப்பிரபுக்கள். வெள்ளைக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். 1879ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்த பிரவ் ஸ்மித்தை அரசாங்கம் வரவழைத்து ஆராயச் சொன்னது. அவர் அறிக்கை நம்பிக்கையாக இருந்தது. அவ்வளவுதான்! லண்டனில் பங்குகள் பறந்தன. இரண்டே வருஷத்தில் சுமார் நாற்பது கம்பெனிகள், ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு முதல். க்ளோண்டைக்குக்குப் பதினைந்து வருஷத்துக்கு முன்னாலேயே நம் மலையில் ஒரு தங்க வேட்டை!

தங்கம் கிடைத்ததா? கிடைத்தது. எடுக்கிற செலவுக்குக் கட்டுப்படியாகிற அளவுக்குக் கிடைக்கவில்லை. பாறையை உடைத்து அரைக்க இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்த இயந்திரங்கள் காட்டுக்குள் துருப்பிடித்தன. 1880களின் நடுவிலேயே கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. அப்படியானால் லாபம் யாருக்கு? நோய் தாக்கி வீணாய்ப் போன காபித் தோட்டங்களைத் தங்க நிலம் என்று சொல்லிக் கொள்ளை விலைக்கு விற்ற தோட்ட முதலாளிகளுக்கு. பங்குகளைக் கைமாற்றி விட்டவர்களுக்கு. சியாட்டில் கடைக்காரரும் இவர்களும் ஒரே ஜாதி. தங்கத்தைத் தோண்டவில்லை, தங்கத்தின் மீதிருந்த ஆசையை விற்றார்கள்.

பழைய சுரங்கங்கள் தேவாலாப் பக்கம் இன்னும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. திருட்டுத்தனமாக உள்ளே போய்த் தோண்டுகிறவர்கள் பிடிபடுவதும், மூச்சுத் திணறிச் செத்துப்போவதும் அவ்வப்போது செய்தியாக வரும். மேலே அரசுத் தேயிலைத் தோட்டம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக உண்டானது. ஒரே மலை. கீழே ஒரு கதை, மேலே ஒரு கதை. இரண்டிலும் கூலிக்காரன் மாறவில்லை.

அடுத்தது கோலார். அங்கே பொன் நிஜமாகவே இருந்தது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி கைக்கு வந்து, கைவிடப்போகிற நேரத்தில் பெரிய ரேகை தட்டுப்பட்டது. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் தோண்டினார்கள். சுமார் 800 டன் தங்கம். சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுப்பதற்காகவே 1902ல் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். மேலே வெள்ளைக்காரர்களுக்கு பங்களா, க்ளப், கோல்ப் மைதானம். கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிற இடத்தில், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்களும் தெலுங்கர்களும். பெரும்பாலும் தலித் மக்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தவர்கள் இன்னும் அதிகம். வேலை முடிந்து வெளியே வரும்போது தங்கத்தைத் திருடிவிட்டானா என்று சோதனை போடுவார்கள். 1930ல் ஒவ்வொரு தொழிலாளியும் விரல் ரேகை வைக்க வேண்டும் என்று விதி கொண்டு வந்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று வேலையை நிறுத்தினார்கள்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கலந்த கழிவு மண் மலை மலையாக ஊருக்குள் நிற்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். சினிமா இந்தப் பக்கம் லேட்டாகத்தான் வந்தது. 2018ல் வந்த கன்னடப் படம் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு உழைத்தவர்களை விட்டுவிட்டது. 2024ல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' அவர்களைத் தேடிப் போனது. விளையாட்டு மட்டும் இன்னும் வரவில்லை.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். மதுரையிலேயே தங்கம் அரிக்கிறார்கள்.

தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளுக்குப் பேர் போனது. அதை ஒட்டிய சந்துகளில் நகைப் பட்டறைகள். ராவும்போதும் மெருகு போடும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்கும். தரையில் விழும், கை கழுவும் தண்ணீரில் போகும், செருப்பில் ஒட்டித் தெருவுக்கு வரும். பட்டறைக்காரர்கள் குப்பையைக் கூட வீணாக்குவதில்லை, அதற்கும் விலை உண்டு. அதையும் தாண்டித் தப்பித்துச் சாக்கடைக்குப் போவதைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஊர் விழிக்கும் முன்னால் தெருவைப் பெருக்கி, சாக்கடை மண்ணை வாரி, தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி அரிப்பார்கள். கடைசியில் மிஞ்சும் கறுப்பு மண்ணில் பாதரசத்தை விட்டால் தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். சூடு காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கினால் ஒரு பொட்டுத் தங்கம். அந்த ஆவி விஷம். மூச்சோடு உள்ளே போகும்.

க்ளோண்டைக்கில் செய்ததும் இதே அரிப்புதான். தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 19 மடங்கு. மணல் இரண்டரை மடங்கை ஒட்டித்தான். ஆட்டினால் மணல் ஓடிவிடும், தங்கம் அடியில் தங்கிவிடும். நம் பாட்டிமார் அரிக்கன் சட்டியில் அரிசியை அரித்தபோது சட்டியின் உள்வரியில் கல் தங்கி அரிசி மட்டும் வந்ததே, அதே பௌதிகம். அங்கே வேண்டாதது தங்கும், இங்கே வேண்டியது தங்கும். வித்தியாசம் அவ்வளவுதான். செல்லூர் வீட்டில் பிள்ளைகள் மவுஸால் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், வைகைக்கு அந்தக் கரையில், இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, நிஜ மனிதர்கள் நிஜ மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

யூகான் டிரெயில் மீது ஒரு குறை சொல்லலாம் என்றால் அதுவும் இந்த வகைதான். மாவை எண்ணச் சொல்கிறது, நாளை எண்ணச் சொல்கிறது, தங்கத்தை எண்ணச் சொல்கிறது. அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவர்களை எண்ணச் சொல்லவில்லை. க்ளோண்டைக் என்ற பெயரே ட்ரான்டெக் என்ற அவர்களுடைய சொல்லின் சிதைவு. சால்மன் மீன் பிடிக்க ஆற்றில் முளையடிக்கப் பயன்பட்ட சுத்தியல் கல்லிலிருந்து வந்த பெயர். தங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிந்ததும் அந்த மக்கள் தங்கள் மீன்பிடி இடத்தை விட்டு, தலைவர் ஐசக்கின் பின்னால், ஆற்றோடு சில கிலோமீட்டர் கீழே மூஸ்ஹைடு என்ற இடத்துக்குப் போனார்கள். நில உரிமை ஒப்பந்தம் கையெழுத்தாக 1998 ஆனது. ஏறத்தாழ நூறு வருஷம். விளையாடி முடித்தவர் மனதில் இவர்கள் நிற்பதில்லை. ஏனென்றால் பட்டியலில் அவர்களுக்குக் கட்டம் இல்லை.

ஆகவே யாராவது கம்ப்யூட்டர் படிக்கும் மதுரைப் பிள்ளைகள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு என்ன செய்வது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தால், இதோ ஒரு யோசனை. தமிழில் ஒரு தங்க விளையாட்டு. களம் கோலார். முதல் திரையில் கடை கிடையாது. கையில் டாலரும் கிடையாது. வட ஆற்காட்டில் மழை பொய்த்த ஒரு கிராமம், மேஸ்திரி கொடுத்த முன்பணம். ஆட்டம் பூஜ்யத்தில் கூடத் தொடங்காது, கடனில் தொடங்கும். எண்ண வேண்டியது தங்கத்தை அல்ல. தங்கம் எவ்வளவு எடுத்தாலும் அது கம்பெனிக்கு. எண்ண வேண்டியது ஷிப்ட்டை, வட்டியை, அரிசியை, ஊருக்குப் போன மணியார்டரை, மூச்சை. இந்தக் கணக்கில் ஜெயிக்க முடியுமா? ஒரு தடவையாவது முயன்று பார்க்கிற பிள்ளைக்கு 800 டன் என்ற எண் வேறு மாதிரித் தெரியும்.

அது வருகிற வரைக்கும் யூகானுக்கே போய் வரலாம். நல்ல விளையாட்டு, சந்தேகமே இல்லை. போகிறவர்கள் மாவு மட்டும் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.